புள்ளி கண்ட நிலா

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் புள்ளிதான், ஏனென்றால் நாள் முழுக்க அவள் பார்ப்பது புள்ளிகளை. ஊருக்கு வெளியே மேட்டில் ஒரு சின்ன வான்காட்சிக் கூடம் இருக்கிறது. அங்கே தொலைநோக்கி ராத்திரியெல்லாம் எடுத்துத் தள்ளிய படங்களைக் காலையில் போய்ப் பார்ப்பது அவள் வேலை. வானத்தின் ஒரே துண்டை நாலு தடவை எடுத்திருக்கும். நாலையும் அடுத்தடுத்துத் திரையில் ஓடவிட்டால் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். சூரியனைச் சுற்றும் சிறு கல் ஏதாவது அகப்பட்டிருந்தால் அது மட்டும் எறும்பு மாதிரி நகரும். நகர்வதையெல்லாம் கணினியே கண்டுபிடித்து வட்டம் போட்டு வைத்திருக்கும். ஆனால் கணினிக்குக் கல்லும் ஒன்றுதான், கண்ணாடியில் ஒட்டிய தூசியும் ஒன்றுதான். இது கல், இது தூசி என்று அடித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

பள்ளிக்கூடம் முடித்து, டைப்பிங் படித்து, ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தவள் அவள். கூடத்துக்கும் டைப்பிஸ்டாகத்தான் வந்தாள். முன்பு படம் பார்த்தவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது, "ரெண்டு நாளைக்குப் பாத்துக்கோம்மா, ஆள் வந்துடும்" என்று உட்கார வைத்தார்கள். ஆள் வரவில்லை. பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

அவள் கண் அப்படி. வீட்டுக்குக் கீழேயே அக்காவின் கடை. வேன், கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடை. அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். அவள் தைத்த கோட்டில் குறை சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் வாய் வராது. ஆனால் புள்ளி வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே, வெளியே தொங்கவிட்ட உறையைப் பார்த்து, "அக்கா, இடது பக்கம் ஒரு தையல் ஏறியிருக்கு" என்பாள். அக்கா ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்ப்பாள். ஏறித்தான் இருக்கும்.

"உன்னைக் கட்டிக்கிறவன் சட்டையில ஒரு பட்டனை மாத்திப் போட முடியாதுடீ" என்று அக்கா வாயால் திட்டினாலும், அடுத்த வாடிக்கையாளரிடம் இதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

புள்ளி அந்தக் கல்லைப் பார்த்தது ஒரு சாதாரணக் காலையில். மற்றக் கற்கள் போகும் போக்கில் அது போகவில்லை. இழுத்துப் பிடித்த நாய் மாதிரி ஒரு பக்கம் வளைந்து போனது. அடுத்தடுத்த நாட்களின் படங்களிலும் அதைத் தேடிப் பிடித்து அளந்து, உலகத்தில் இருக்கும் கூடங்கள் எல்லாம் அளவுகளை அனுப்பும் பொதுப் பட்டியலுக்கு அனுப்பினாள். அந்த முதல் வாரத்தில் வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. வாரக் கடைசியில் கணக்கு வந்தது. அது சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்த கல்தான். ஆனால் இப்போது பூமியைச் சுற்றுகிறது.

அக்காவுக்கு அவள் விளக்கியது இப்படி: பூமி போகிற பாதையை ஒட்டியே, கிட்டத்தட்ட அதே வேகத்தில் சில கற்கள் போகும். எப்போதாவது ஒன்று மெதுவாகப் பக்கத்தில் வந்துவிட்டால் பூமியின் இழுப்பில் மாட்டிக்கொள்ளும். சில மாசமோ, ஒரு வருஷமோ சுற்றும். பிறகு சூரியனின் இழுப்பு வென்றுவிடும், கழன்று போய்விடும்.

"அதாவது வாடகைக்கு வந்த நிலா" என்றாள் அக்கா.

"அப்படியும் சொல்லலாம்."

இந்த ஒரு வார்த்தை போதாதா? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. வாடிக்கையாக வரும் வேன் டிரைவர் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எங்கேக்கா, ஒண்ணையும் காணோமே? இனிமே அமாவாசைக்கும் வெளிச்சம் இருக்கும்னு பாத்தேன்."

"அது உங்க வேன் அளவுதான் இருக்குமாம். உங்க வேனுக்கே ஹெட்லைட் எரியல, அது எங்க எரியப் போகுது?"

"அப்ப நிலான்னு எதுக்குச் சொல்றீங்க?"

"பூமியைச் சுத்துறது எல்லாம் நிலாதான். என் தங்கச்சி சொல்லியிருக்கா. அவ கண்டுபிடிச்சது."

புள்ளிக்கு இந்தக் கூச்சல் பிடிக்கவில்லை. ஆனால் ராத்திரி சாப்பிட உட்காரும்போது, "இன்னைக்கு எங்க இருக்கு உன் கல்லு?" என்று அக்கா கேட்டால் பதில் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

இரண்டு மாசம் போனது. பெரிய பெரிய கூடங்களும் அதை அளக்க ஆரம்பித்தன. அவற்றில் ஒன்று தூரத்து மலையில் இருந்தது. அங்கே இருந்தவரைப் புள்ளி நேரில் பார்த்ததில்லை. போனிலும் கடிதத்திலும்தான் பழக்கம். மலைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எல்லோருடைய அளவுகளையும் கோத்துப் பாதை போடுவதில் அவர் கெட்டிக்காரர். ஒரு நாள் அவருடைய அறிவிப்பு வந்தது. 'இது கல்லாக இருக்க வாய்ப்பு குறைவு. வெயில் இதைத் தள்ளுகிறது. பழைய ராக்கெட்டின் காலிக் கூடாக இருக்கலாம்.'

வெளிச்சத்துக்கும் ஒரு தள்ளல் உண்டு. கனமான கல்லுக்கு அது உறைக்காது. உள்ளே ஒன்றும் இல்லாத தகரக் கூடாக இருந்தால், போகப் போகத் தலைமுடி அளவுக்காவது பாதை விலகும். முதல் வாரத்துப் பாதைக்கும் பின்னால் வந்த பாதைக்கும் நடுவே அப்படி ஒரு விலகல் இருந்தது. ராக்கெட் கூடு என்று உறுதியானால் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவார்கள். மனிதன் விட்டெறிந்தது நிலா ஆகாது.

இதையும் தெரு எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. வேன் டிரைவர் சீட்டைக் கழற்றிக் கொடுக்கும்போதே ஆரம்பித்தார்.

"என்னக்கா, உங்க தங்கச்சி கண்டுபிடிச்சது தகர டப்பாவாமே?"

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "உங்க சீட்டு அடுத்த வாரம்தான் கிடைக்கும்" என்றாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா கேட்டாள். "நெஜமாவே டப்பாவா?"

"தெரியலக்கா. எனக்குப் பார்த்தா கல்லு மாதிரிதான் இருக்கு. ஆனா மாதிரி இருக்குன்னு சொல்ல எனக்குச் சம்பளம் குடுக்கல."

அதற்கு மறுநாள் அவள் செய்த காரியம் யாரும் சொல்லிச் செய்ததல்ல. தன் கல்லை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த இரண்டு மாசத்தில் தான் அனுப்பிய மற்றக் கற்களின் அளவுகளை எடுத்தாள். எல்லோருக்கும் பாதை நன்றாகத் தெரிந்த பழைய கற்கள் அவை. மெதுவாகப் போகும் கற்களில் அவள் அளவு அச்சாகப் பொருந்தியது. வேகமாகப் போகும் கற்களில் மட்டும் இடறியது. எல்லாமே இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், போகிற திசையிலேயே இருந்தன. இடத்தை அளந்ததில் பிழை என்றால் மெதுவானவையும் தப்பியிருக்கும், பிழை நாலா பக்கமும் சிதறியிருக்கும். வேகமானது மட்டும், அதுவும் முன்னாலேயே தப்புகிறது என்றால் பிழை நேரத்தில்.

கடிகாரத்தைச் சோதித்தாள். சரியாக ஓடியது. பிறகுதான் கேமராவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அதில் நேரத்துக்கான கட்டம் ஒன்று மாற்றப்படாமல் கிடந்தது.

ஒரு படம் எடுக்கக் கேமராவின் கண் ஒரு நிமிஷம் திறந்திருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் கல் நகர்ந்த கோட்டின் நடுவைத்தான் அவர்கள் அளப்பார்கள். ஆகவே எழுத வேண்டிய நேரமும் அந்த நிமிஷத்தின் நடு. பழைய கேமரா நடுவைத் தானே எழுதிவிடும். புதிய கேமரா கண் திறந்த நேரத்தை எழுதும், நாம் மாற்றச் சொன்னால்தான் நடுவை எழுதும். புதிய கேமராவை மாட்டியபோது அந்தப் பக்கத்தை நிரப்பியது அவள்தான். அந்த ஒரு கட்டத்தைத் தொடவில்லை. கல்லைக் கண்டதற்கு முந்தின வாரம் அது. அன்றிலிருந்து கூடம் அனுப்பிய ஒவ்வொரு அளவிலும் அரை நிமிஷம் பிசகு.

கூடத்தின் பொறுப்பாளர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தபடியே முழுவதும் கேட்டார்.

"சரி. நேரத்தைத் திருத்தினா உன் கல்லு என்ன ஆகும்?"

"தெரியல சார். வெயில் தள்ளுற மாதிரி தெரியுறது நம்ம தப்பால இருக்கலாம்."

"அப்ப கல்லுன்னு ஆயிடும்."

"ஆகலாம்."

பொறுப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எனக்கு உன்னைத் தெரியும். வெளியில இருக்கறவனுக்குத் தெரியுமா? அவங்க கல்லை டப்பான்னு சொன்ன உடனே நேரத்தை மாத்திட்டாங்கன்னுதானே சொல்வான்? அதுமட்டுமில்ல, ரெண்டு மாச வேலையும் தப்புன்னு நாமளே தம்பட்டம் அடிக்கிறோம். இனி நம்ம அளவை எவன் நம்புவான்?"

அவர் சொன்னதில் தப்பில்லை.

அக்காவிடம் சொன்னபோது அக்கா மிஷினை நிறுத்தவே இல்லை. "இதுல யோசிக்க என்னடீ இருக்கு? நேரத்தைத் திருத்தி அனுப்பு. உன் கல்லு உனக்கு."

"அப்படி அனுப்பினா என் கல்லுக்காகத்தான் திருத்தினேன்னு ஆயிடும்க்கா."

"உனக்காகத்தானே திருத்தற?"

"இல்ல. தப்பா இருக்குன்னு திருத்தறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே வருது?"

"எனக்கு ஒண்ணுதான். பார்க்கறவனுக்கு வேற."

மிஷின் நின்றது. "அப்ப வேற என்ன வழி?"

வேறு ஒரு வழி இருந்தது. திருத்தாமல், அனுப்பிய எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்வது. கல்லின் முதல் வாரத்து அளவுகளையும் சேர்த்துத்தான். வேறு யாராவது பிழையைச் சோதித்துச் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் புதிதாக அனுப்புவது. அப்படிச் செய்தால் அவள் கை இதில் படவில்லை என்று எவனும் ஒத்துக்கொள்வான். ஆனால் பட்டியலின் விதி வேறு மாதிரி. பட்டியலில் நிற்கும் அளவுகளில் எது முதலோ, அதை அனுப்பியவரே கண்டவர். அவளுடையதை எடுத்துவிட்டால் அடுத்தது மலைக்காரருடையது. பிறகு அவள் எதை அனுப்பினாலும் வரிசை மாறாது.

"கல்லா நிக்கணும்னா உன் பேர் போயிடும். பேர் நிக்கணும்னா?"

"பேரும் நிக்காது. சந்தேகம்தான் நிக்கும்."

அக்கா ஒரு நூல் முனையை விரலில் சுற்றினாள். "தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடீ" என்றாள்.

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் போ."

மறுநாள் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள். அவர், "நாள் பூரா படம் பார்க்கறது நீ, உன் இஷ்டம்" என்றார். இரண்டு மாச அளவுகளையும் திரும்பப் பெற்றாள். பிறகு மலைக்காரருக்குப் போன் போட்டாள்.

"சார், எங்க நேரத்துல பிசகு. எவ்வளவுன்னு நான் சொல்லப் போறதில்ல. போன்ல வழி காட்டற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் குறுக்க வந்த படங்களை அப்படியே அனுப்பறேன். அதுங்க எந்த நொடி எங்க இருக்கும்னு உங்களுக்கே தெரியும். நீங்களே அளந்து சொல்லுங்க."

"ஏம்மா, திருத்தி அனுப்பியிருக்கலாமே? கல்லு உங்க பேர்ல இருந்திருக்கும்."

"டப்பான்னு சொன்னது நீங்க சார். கல்லான்னும் நீங்களே சொல்லிடுங்க."

மலைக்காரர் சிரித்துவிட்டார். "நல்லா மாட்டி விட்டீங்க."

நாலைந்து நாளில் அவர் பதில் வந்தது. பிசகு சரியாக அரை நிமிஷம், எல்லாப் படத்திலும் ஒரே அளவு. அதைச் சரிசெய்து முதல் வாரத்தையும் சேர்த்துப் பாதை போட்டால் வெயிலின் தள்ளல் காணாமல் போகிறது. கனமான கல்தான். பட்டியலில் அது நிலைத்தது. கண்டவர் என்ற இடத்தில் மலைக் கூடத்தின் பெயர் ஏறியது. அவர்கள் கூடத்தின் அளவுகளோ அன்றிலிருந்து 'சோதனையில்' என்ற குறியோடுதான் வந்தன. யாராவது சரிபார்த்த பிறகே கணக்கில் சேரும்.

அக்கா அந்தப் பட்டியலைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். "நீதானே மொதல்ல பாத்த?"

"பாத்தது நான்தான்க்கா."

"அப்புறம்?"

"சரியா சொன்னது அவங்க."

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். வேன் டிரைவர் வந்து நின்றிருந்தார். "டப்பா இல்லீங்க. கல்லுதான். ஆனா வேற ஆள் பேர்ல இருக்கு. என் தங்கச்சியே எடுத்துக் குடுத்துட்டா" என்றாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. சீட்டு தயாரா என்று கேட்டார். தயார்தான்.

கல் இன்னும் சில மாசம் சுற்றியது. சுற்று அகன்றுகொண்டே போனது, திரையில் அது மங்கிக்கொண்டே போனது. கூடத்தின் தொலைநோக்கிக்கு எட்டுகிற கடைசி நாட்களில் புள்ளி அதற்காக மூன்று தடவை படங்களை ஓடவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கணினி வட்டமே போடவில்லை. அவளாக இடத்தைக் குறித்து, நடு நேரத்தைத் தனியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அனுப்பினாள்.

மத்தியானம் பட்டியல் வந்தது. பொறுப்பாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார். வெவ்வேறு கூடங்களின் வரிகளுக்கு நடுவே அவர்களுடையதும் ஒரு வரி.

"பக்கத்துல 'சோதனையில்'னு குறி எதுவும் இல்லையே?"

"இல்ல சார். நேரா சேத்துட்டாங்க."

"மறுபடி ஒரு தடவை பாரு."

பார்த்தாள். "இல்ல சார்."

பொறுப்பாளர் நிமிர்ந்தார். "அக்காவுக்குச் சொல்லிட்டியா?"

"சொன்னா தெருவுக்கே சொல்லிடுவா."

"சொல்லட்டுமே" என்றார் அவர். "இந்தத் தடவை சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டியதில்ல."