பச்சோந்திக்கு வைத்த மஞ்சள் பொட்டு

மாஸ்டர் பாயின் சுட்டுவிரலை ஒரு பச்சோந்தி இறுகப் பற்றிக்கொண்டிருந்த அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் ஒரு கண் அவரைப் பார்த்தது, மற்றொன்று என்னைப் பார்த்தது. சாயம் ஏறி ஏறி நகமே பழுப்பாகிப்போன அந்தக் கையில் உட்கார்ந்தபடி அது மெல்ல நிறம் மாறியது. "இன்னா மேடம், எங்க ஃபேக்டரி ஷேடு கார்டுல கூட இந்தக் கலர் இல்லையே" என்று அவர் சிரித்தார்.

அவர் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் மாஸ்டர். வாங்குபவர் அனுப்பும் மாதிரித் துண்டைப் பார்த்து, அதே நிறத்தைத் தோலில் கொண்டுவருவது அவர் வேலை. நான் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை; அவருடைய மகள் என் மாணவி. பள்ளிகொண்டாவிலிருந்து குடியாத்தம் போகும் சாலையைத் தாண்டி, மலையடிவாரத்து முட்புதர்க் காட்டில் பச்சோந்திகள் எத்தனை இருக்கின்றன, அவை அழியும் ஆபத்தில் இருக்கின்றனவா என்று ஆராய்ந்து வனத்துறைக்கு அறிக்கை தரும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. மகளோடு துணைக்கு வந்தவர், நாங்கள் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் நான்கைக் காட்டினார். இலைப் பச்சைக்கும் பச்சோந்திப் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் அவர் கண்ணுக்குத் தப்பவே தப்பாது. படித்த எங்களுக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

இரவில் பச்சோந்தி வெளிறித் தூங்கும். டார்ச் அடித்தால் எளிதாக எண்ணிவிடலாம். ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் காட்டுக்குள் இருக்க எங்களுக்கு அனுமதி இல்லை. பகலில் எண்ணினாலோ காலையில் பச்சையாகப் பார்த்தது மதியம் பழுப்பாக வேறு புதரில் இருக்கும். ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடுவோம். பார்த்ததற்கெல்லாம் முதுகில் ஓர் அடையாளம் வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னவள் நான்தான். "எனக்கு மார்க்கே வேணாம் மேடம், பார்த்தாலே எது எதுன்னு தெரியும்" என்றார் பாய். "உங்களுக்குத் தெரிஞ்சா போதாது பாய், அறிக்கைக்குத் தெரியணும்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை சின்ன டப்பாவில் மஞ்சள் கலந்து கொண்டுவந்தார். செருப்புத் தோலுக்கு அடிக்கும் பூச்சு. தோல் மடங்கினாலும் வெடிக்காது, மழையில் கரையாது, பச்சோந்தி தானாகச் சட்டை உரிக்கும்வரை போகாது. பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். அவரும் தொழில்காரருக்குரிய பெருமையோடு அப்படியே செய்திருந்தார். கைக்கு எட்டியவற்றுக்கெல்லாம் முதுகில் ஒரு பொட்டு வைத்தோம். எட்டாத உயரத்தில் இருந்த சிலவற்றை விட்டுவிட்டோம். ஒளிந்து வாழ்வதைத் தவிர வேறு பிழைப்பே தெரியாத ஒரு பிராணியின் முதுகில் மஞ்சள் பூசுகிறோமே என்று, இருபது வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்த எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். வேலமரத்தடியில் பாய் குனிந்து எதையோ எடுத்தார். மஞ்சள் பொட்டோடு கிழிந்த ஒரு முதுகுத் துண்டு. மேலே காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. அன்று முழுவதும் புதர் புதராகத் தேடினோம். பொட்டு வைத்தவற்றில் ஒன்றிரண்டுதான் மிச்சம். வைக்காமல் விட்டவை அதே கிளைகளில் நிதானமாக ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தன. "நாமதான் மேடம் காக்காவுக்குக் காட்டிக் குடுத்துட்டோம்" என்றார் பாய்.

அறிக்கையில் நான் எழுதியது வேறு. எண்ணிக்கை வேகமாகக் குறைகிறது என்று எழுதினேன், அது உண்மை. காரணம், வாழிட அழிவும் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரும் என்று எழுதினேன். எங்கள் ஊரில் எதற்கும் சட்டென்று பழி போடத் தோதானது கழிவுநீர்தான். யாரும் மறுத்துக் கேட்கமாட்டார்கள். வாசித்துக் காட்டியபோது பாய் கேட்டார்: "டேனரி தண்ணி அந்தப் பக்கம் போவவே இல்லையே மேடம்? நம்ம தப்ப எழுதுங்க. இல்லன்னா நாளைக்கு வேற யாராச்சும் இதையே செய்வாங்க." எழுதினால் அறிக்கையே செல்லாது, இனி அனுமதியும் கிடைக்காது, காட்டைக் காப்பாற்றவும் முடியாது என்று அடுக்கினேன். எல்லாமே நியாயமாகத்தான் ஒலித்தன. அவர் எழுந்துகொண்டார். "அப்படின்னா எம் பேர எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அறிக்கை ஜெயித்தது. இந்தப் பகுதியில் பச்சோந்தி அழியும் ஆபத்தில் இருப்பதாக ஏற்றுக்கொண்டார்கள். காட்டைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது, பலகை வந்தது, எனக்கு ஒரு சால்வையும் வந்தது. பலகைக்குப் படம் கேட்டார்கள். பொட்டு இல்லாத ஒன்றாகப் பார்த்துத் தேடிக் கொடுத்தேன். பாயை எப்போதாவது ஆம்பூர் பேருந்து நிலையத்தில் பார்ப்பேன். மரியாதையாக ஒரு சலாம் வைப்பார். நின்று பேசமாட்டார்.

போன மாதம் தெற்கே ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி போனில் அழைத்தாள். அவர்களும் பச்சோந்தி கணக்கெடுக்கப் போகிறார்களாம். என் அறிக்கையைப் படித்தாளாம். அடையாளமிடும் முறை ரொம்பப் பிடித்துவிட்டதாம். அதற்கு என்ன பூச்சு என்று கேட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதையை ஒரு நாளாவது வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கில்லை. பூச்சின் பெயரைச் சொன்னேன்.

இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் நானே அழைத்து, "அம்மா, அந்தப் பொட்டு வைக்கிற வேலையை மட்டும்..." என்று தொடங்கினேன்.

"நேத்தே முடிச்சிட்டோம் மேடம்" என்றாள் பெருமையாக. "உயரத்துல இருந்ததுக்கெல்லாம் ஏணி போட்டோம். ஒண்ணுகூட விடல."