பெயர் மட்டும் மிஞ்சிய ஜாடிகள்

செவ்வாய்க்கிழமை இரண்டாவது பாடவேளை நடந்துகொண்டிருந்தபோது ஆய்வக உதவியாளர் வாசலில் வந்து நின்று, "மேடம், நம்ம மியூசியத்து அண்ணன் போயிட்டாராம்" என்றார். கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

யேசுவடியான் அண்ணன், ராஜபாளையத்தில் எங்கள் கல்லூரியின் விலங்கியல் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர். வ. புதுப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பஸ் மாறி வருவார். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்த அறைக்கென்று தனி நிதி கிடையாது. செய்முறைத் தேர்வு முடிந்து மிஞ்சும் ஃபார்மலினைக் கேட்டு வாங்கி, உள்ளிருக்கும் உயிரினங்கள் கெடாமலிருக்க ஜாடிகளில் ஊற்றுவார். "இந்தப் பாம்பு கடிக்குமாண்ணே?" என்று மாணவிகள் சீண்டினால், "ஏட்டி, அது செத்து ஒங்கம்மா வயசு ஆவுது" என்பார்.

நான் துறைத்தலைவியான பின் தரமதிப்பீட்டுக் குழு வந்தது. அதற்கு மட்டும் பணம் வந்தது: சுவருக்குப் பெயின்ட், ஜாடிகளுக்கு அச்சடித்த பெயர்ச்சீட்டு. பழைய கையெழுத்துச் சீட்டுகளை உரிக்கச் சொன்னேன்.

"எந்த ஓடையில, என்னைக்குப் புடிச்சதுன்னு அதுலதான மேடம் இருக்கு. பதிவேட்டத்தான் கரையான் தின்னுருச்சே. பழசு மேலயே ஒட்டிருவமா?"

"புடைச்சுக்கிட்டுத் தெரியும்ண்ணே. உரிச்சிருங்க."

ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தார். குழு பாராட்டிவிட்டுப் போனது.

மறு ஆண்டு, பல்கலைக்கழக, கல்லூரி அருங்காட்சியகங்களுக்கான உதவி நிதிக்கு விண்ணப்பித்தோம். கிடைத்தால் அறை பிழைக்கும். இல்லையென்றால் கணினி அறையாகிவிடும். பார்வையிட வந்த அதிகாரி ஒவ்வொரு ஜாடியாகத் திருப்பிப் பார்த்தார். பிடித்த இடமும் நாளும் இல்லாத உயிரினம் ஆய்வுக்கு உதவாது என்று எழுதிவிட்டுப் போனார். வராந்தாவில் நின்றுகொண்டிருந்த என்னிடம் அண்ணன்தான் வந்தார். "அவிய கேக்குறது நியாயந்தான மேடம். ஊரு தெரியாத பொணத்த யாரு எடுத்துப் போடுவா?" என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகு நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். பாதிக்கு மேல் 'தெரியவில்லை' என்றே இருக்கிறது. ஊகித்து எழுதச் சொன்னேன். "தப்பா எழுதுறதுக்கு எழுதாமலே விட்ரலாம் மேடம்" என்றார்.

அடக்கத்தன்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவிய ரூம இனி யாரு மேடம் பாப்பா?" என்று கேட்டார்.

"நான் பாத்துக்கிறேன்க்கா."

காலையிலேயே அந்த அறையின் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். அந்நேரம் கணினிகளுக்கு இடம் ஒழிக்க ஆட்கள் ஜாடிகளை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், வெயிலில் இறக்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சென்று வாருங்கள் அண்ணா. அக்காவிடம் சொன்ன பொய்யை உங்களிடம் சொல்ல மாட்டேன்.