கயிறு பிடித்தவளின் பங்கு

கோடை விடுமுறையில் மனித உரிமை வேலை பழகப் போகும் மாணவர்களுக்கு எங்கள் சட்டக் கல்லூரியில் ஓர் உதவித்தொகை உண்டு. பழைய மாணவர்கள் சேர்ந்து கொடுப்பது. மூன்றாம் ஆண்டு முடிந்த கையோடு எனக்கு அது கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் ராமநாதபுரத்தில் ஏதாவதொரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருப்பேன். முந்தின விடுமுறையில் அதைத்தான் செய்தேன். சம்பளமில்லாமல் நியாயம் பழகப் போக எங்கள் கரையில் எந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகும்?

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் மேடத்தின் அலுவலகம். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அக்கரைச் சிறையில் தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட வழியில்லாமல் கிடக்கும் மீனவர்களுக்காக மதுரைக் கோர்ட்டில் மனுப் போடுகிறார்கள். அவர்களுடைய மனைவிமார் சொல்வதைக் கேட்டு எழுதி வருவது என் வேலை. முதல் நாளே மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சொல்றவங்களுக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுக்கக் கூடாது. காசு வாங்கிட்டுச் சொன்ன சாட்சின்னு எதிர்த்தரப்பு கிழிச்சுடுவாங்க. ஒரு தடவை பட்டாச்சு."

நானும் பெரிய சட்டப்புலி மாதிரி தலையாட்டினேன்.

பாம்பன் பக்கம் எங்கள் கரையிலேயே ஒரு அக்கா இருந்தாள். அவள் புருசன் விசைப்படகு டிரைவர். கூடப் பிடிபட்ட மற்றவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். படகை ஓட்டியவனுக்குத்தான் அங்கே தண்டனையும் அபராதமும் அதிகம். படகு முதலாளி போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அந்த மனுவில் புருசன் பேர் ஏறினால்தான் உண்டு, வேறு கதியில்லை என்று அக்கா நம்பினாள். உண்மையும் அதுதான்.

பல சாயங்காலங்கள் உட்கார்ந்து சொன்னாள். திரும்பி வந்த ஒருவர், அவள் புருசன் எந்நேரமும் இருமிக்கொண்டே இருப்பதாகச் சொன்னாராம். அதை மாமியாருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள். எல்லாம் எழுதி முடித்த அன்று கேட்டாள்.

"ஏ பிள்ள, இதுக்கு ஒனக்கு எதுவும் குடுக்குறாகளா?"

"குடுக்குறாகக்கா. காலேஜ்ல."

"நல்லாருக்கட்டும். நாஞ் சொன்னதுக்கும் சேத்துத்தான?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் முகம் எரிந்தது. எங்கள் கரையில் கரைவலை இழுக்கும்போது, வழியே போகிறவர் கயிற்றில் கை வைத்தால்கூட, வலை ஏறியதும் அவருக்கு ஒரு கை மீன் உண்டு. கேட்க வேண்டியதே இல்லை. நான் மேடம் சொன்ன கட்டுப்பாட்டைச் சொன்னேன். "சட்டம்னா சட்டந்தான்" என்று அக்கா எழுந்து போய்விட்டாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் அய்யாவிடம் சொன்னேன். என் அப்பா, கரைவலைக்காரர். அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"கயித்தப் பிடிச்சவள வெறுங்கையோட அனுப்பவா நம்ம வீட்ல படிக்க வச்சோம்? நல்ல காலேசு!"

"அய்யா, நீங்க எதுவும் குடுத்துறாதீக. வம்பாயிரும்."

"காசுதான குடுக்கக் கூடாது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மேடத்தின் மேசைக்கு முன்னால்தான் எனக்கு மீதி தெரிந்தது. கையெழுத்து வாங்குவதற்கு முன் மேடம் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை அக்காவிடமும் கேட்டார். "இதைச் சொல்றதுக்கு யாராவது எதாவது கொடுத்தாங்களா?"

"மாதா மேல சத்தியமா இல்லம்மா. இந்தப் பிள்ளையோட அய்யா, எங்க சித்தப்பா மட்டும், 'எம் மகளுக்குச் சொன்னீல, இந்தா ஒம் பங்கு'ன்னு சூடை மீனு குடுத்தாக. கரையே பாத்துச்சு. நல்ல மனுசரு."

மேடம் பேனாவை மூடினார். அடப்பாவி அய்யா!

அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் மன்றாடினேன். ஒரு சட்டி மீன் மேடம், எங்க வழக்கம் மேடம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை.

"எனக்குப் புரியுதும்மா. கோர்ட்ல கேட்டாலும் அவங்க இதையேதான் சொல்லுவாங்க. மத்த பொம்பளைங்க சொன்னதும் அதோட சேர்ந்து அடிபட்டுப் போயிடும். இல்ல, பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்கப் போறியா?"

அந்த வாக்குமூலம் மனுவில் சேரவில்லை. அடுத்த மனுவில் பார்க்கலாம் என்றார். அடுத்த மனு எப்போது என்று அவருக்கும் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் வைத்து அக்காவிடம் சொன்னேன். அவளுக்குப் புரிய நேரமாயிற்று.

"அப்ப அவுக பேரு அதுல இருக்காதா?"

"இருக்காதுக்கா."

"அன்னைக்கே கொழம்பு வச்சுத் தின்னுட்டமே, தாயி. திருப்பிக் குடுத்தா ஏத்துக்கிருவாகளா? வாங்கியாச்சும் குடுத்துருதேன். கேட்டுப் பாரு."

நான் என்னத்தைக் கேட்பேன்? அவளோடு பஸ் ஏறினேன். பாலம் தாண்டும் வரை, "கேட்டுப் பாரு பிள்ள" என்று இன்னும் இரண்டு தரம் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, அழவும் வெட்கமாக இருந்தது. மிச்ச உதவித்தொகை ஏறிவிட்டதாக அந்த வாரமே போனில் செய்தி வந்தது. அய்யாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவர் நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை வலை வந்தபோது அக்கா வந்து கயிற்றைப் பிடித்தாள். எல்லாரையும்போலக் கடைசிவரை இழுத்தாள். பங்கு பிரிக்கும்போது அய்யா இரண்டு கையிலும் மீனை அள்ளி அவளிடம் நீட்டினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேணாஞ் சித்தப்பா. அவுக வரட்டும்."

அள்ளிய மீனோடு அய்யா என் பக்கம் திரும்பினார்.