பன்றித்தலைப் பிரபுவும் எங்கள் ஆக்களும்

ஒரு மனிதனுக்கு எத்தனை முன்னோர் தேவை? இரண்டு பேர் போதும் என்பது இயற்கையின் கணக்கு. அதற்கு மேல் கேட்பதெல்லாம் கொழுப்பு என்பது என் கட்சி. தொண்ணூறுகளின் நடுவில் மொன்றியலில் அந்தக் கொழுப்பு எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பரிமாறப்பட்டது. வயிறு இன்னும் எரிகிறது.

வாரநாட்களில் நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் மலைச்சரிவில் ஒரு கல்வீட்டில், ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயக் கனவானுக்கு மூதாதையர் தேடிக்கொடுத்தேன். இரண்டிலும் முதுகுவலி ஒன்றுதான். மாகாணம் பிரிந்து போவதா இருப்பதா என்று ஊரே சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு வாகனத்தின் இலக்கத் தகட்டிலும் ‘எனக்கு நினைவிருக்கிறது’ என்று பிரெஞ்சில் பொறித்திருக்கும். என்ன நினைவிருக்கிறது என்று சொல்லப்பட்டிருக்காது. அதைப் பார்த்துப் பார்த்துக் கலங்கிப்போன ஆங்கிலேயர் சிலர், தங்களுக்கும் நினைவிருப்பதாகக் காட்டுவதற்கு வேர்களைத் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் கனவானும் அவர்களில் ஒருவர்.

இந்த வேலைக்கு என்னை ஏன் பிடித்தார் என்றால், நான் யாழ்ப்பாணத்தில் இங்கிலாந்துச் சரித்திரம் படிப்பித்தவன். எந்த மன்னனுக்குப் பின் எந்த மன்னன், எவன் மீனை அளவுக்கு மீறித் தின்று செத்தான் என்பதெல்லாம் நித்திரையிலும் சொல்வேன். என் பூட்டனின் பெயர் தெரியாது. அதற்குப் பரீட்சையில் புள்ளி இல்லை.

கனவானின் குடும்பம் இங்கிலாந்தின் வடக்கே கோட்டை கட்டி வாழ்ந்த ஒரு பிரபு குடும்பத்தின் கிளை. கேடயத்தில் ஒரு பன்றித்தலை. கடல் கடந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நோர்மன் படையோடு வந்து இறங்கிய வம்சம் என்று பரம்பரை பரம்பரையாகச் சொல்லிக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களின் வாரிசுகளுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. அதில் சேர வேண்டுமானால் மகனுக்குத் தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன் என்று ஏணிப்படி விடாமல் நிரூபிக்க வேண்டும். ஏணியின் ஒவ்வொரு படியையும் பல்கலைக்கழக நூலகத்தில் தட்டிப் பார்ப்பது என் வேலை. நாடு பிடிக்கிறவனோடு கப்பலில் தொற்றிக்கொண்டு வந்ததை ஒருவன் தொள்ளாயிரம் வருடமாகப் பெருமையாகச் சொல்கிறானே என்று உள்ளே புகைந்துகொண்டே தட்டினேன். வெளியே, “மிகவும் சுவாரசியம், ஐயா” என்றேன்.

இந்த நிலையில்தான் என் தங்கச்சி மேலே ஏறி வந்தாள். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் தொடர்மாடியில் இரண்டு தட்டு கீழே அவளும் மகளும் இருந்தார்கள். புருசன் இல்லை, இந்தியன் ஆமி ஊரில் இருந்த காலத்தில் செத்துப்போனார். மகள் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள். வேலைக்குப் போன இடத்தில் கைக்குக் கட்டுப்போட வந்த ஒரு பெடியனை விரும்பிவிட்டாள்.

“அண்ணை, பெடியன் ஆரெண்டு தெரியுமோ?”

“துறைமுகத்தில லொறி ஓடுறவன். கண்டிருக்கிறன். நல்ல பெடியன்.”

“அதைக் கேக்கேல்லை. ஆக்கள் ஆர்?”

“மட்டக்களப்பு ஆக்கள்.”

“அது ஊர் அண்ணை. நான் ஆக்கள் ஆர் எண்டு கேக்கிறன்.”

சாதி என்ற சொல்லை எங்கள் ஆட்கள் வாயால் சொல்வதில்லை. நாகரிகமானவர்கள். எந்தக் கோயிலடி என்பார்கள், எந்தக் குறிச்சி என்பார்கள், ஆருக்குக் கிட்ட என்பார்கள். கடைசியில் அந்தச் சொல்லைத் தவிர மிச்சமெல்லாம் தெரிந்துகொள்வார்கள். இதற்கு விசாரிக்கிறது என்று பெயர். ஊரைவிட்டு ஓடி வரும்போது வீட்டை விட்டோம், வளவை விட்டோம், புத்தகங்களை விட்டோம். இதை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். சுங்கத்தில் ஒருவனும் மறிக்கவில்லை.

பின்னாலேயே மருமகளும் வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

“மாமா, கலியாண எழுத்துக்குத் திகதி எடுத்தாச்சு. அம்மா வந்தாலும் வராட்டியும் நடக்கும்.”

“கேட்டியளோ அண்ணை கதையை!”

“ஆனா...” என்று அவள் நிறுத்தினாள். ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. “அம்மா வராமல் நான் சீலையைச் சுத்திக்கொண்டு அங்க போய்த் தனிய நிக்கேலாது மாமா. நீங்க சொல்லுங்கோ அவவுக்கு.”

தங்கச்சி ஜன்னலைப் பார்த்தாள். “ஆக்களைத் தெரியாமல் நான் அந்த மண்டபத்துக்குள்ள காலடி வைக்கமாட்டன்.”

நான் எழுந்து நின்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மனித சமத்துவம், பிரெஞ்சுப் புரட்சி, எங்கள் புராணங்களில் குடத்தில் பிறந்த முனிவர்கள் என்று எல்லாம் வந்தது. நல்ல சொற்பொழிவு. தங்கச்சி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“முடிஞ்சுதோ? இப்ப ரொறன்ரோவுக்குப் போன் எடுங்கோ.”

எடுத்தேன். மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் பிரெஞ்சுப் புரட்சி திரும்ப ஊருக்கே போய்விட்டது.

ரொறன்ரோவில் எங்களுக்கு அத்தான் முறையான ஒருவர் இருந்தார். உலகத்தில் எந்தத் தமிழனுக்குக் கலியாணம் பேசினாலும் அவருக்கு ஒரு அழைப்புப் போகும். ஒரு கிழமையில் பதில் வந்தது.

“தகப்பன்ர தகப்பன் வரைக்கும் பிடிச்சிட்டன். அங்கால ஒண்டும் இல்லை.”

“இல்லையெண்டால் என்ன அத்தான்?”

“இல்லையெண்டால் இல்லை. ஆள் எங்கயிருந்தோ வந்து பொம்பிளை வீட்டில இருந்திருக்கிறார். வயல் பொம்பிளை வீட்டு வயல். கோயில் உரிமையும் பொம்பிளை வீட்டு உரிமை. ஒருமாதிரி ஆக்கள்தான்.”

அந்த ‘ஒருமாதிரி’க்கு மேல் தமிழில் வசவு கிடையாது. எந்த மாதிரி என்று சொன்னாலாவது மறுத்துப் பேசலாம். தங்கச்சி அன்றைக்கே மகளோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் நான் பன்றித்தலையின் ஏணியில் ஒரு படி இல்லாததைக் கண்டுபிடித்தேன். நோர்மன் வம்சத்தில் ஆண்பிள்ளை இல்லாமல் ஒரு மகள் மட்டும் மிஞ்சியிருக்கிறாள். அவளைக் கட்டியவன் நோர்மன் அல்ல. தோற்றுப்போன பக்கத்து உள்ளூர் ஆள். அவன் தகப்பன் பெயர் தெரியும், அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. மனைவியின் நிலம், மனைவியின் கோட்டை. பிறந்த மகன், பெயருக்கு மதிப்பு எந்தப் பக்கம் என்று பார்த்துத் தாயின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டான். சில நூற்றாண்டு கழித்து ஓர் அரண்மனை எழுத்தர், பிரபுவின் மனம் குளிர, வம்ச அட்டவணையில் அந்த உள்ளூர் மருமகனை அழித்துவிட்டு அந்த இடத்தில் நோர்மன் தகப்பன் ஒருவரைக் கற்பனையாகப் பெற்று வைத்தார். எங்கள் ஊரில் இதற்கு ஒரு பழமொழி உண்டு. சாதிப்படி ஏறினவர்களைப் பற்றியது, ‘மெல்ல மெல்ல வந்து’ என்று போகும். மிச்சத்தைச் சொன்னால் சொந்தக்காரர் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. எல்லாவற்றுக்கும் காரணமான அந்த மகளுக்கு அட்டவணையில் பெயரே இல்லை. ‘வாரிசான மகள்’, அவ்வளவுதான்.

கனவானுக்கு நெஞ்சு நோ வந்துவிடுமோ என்று பயந்து பயந்து சொன்னேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது.

“அப்படியானால் நாங்கள் நோர்மன்களுக்கும் முந்தியவர்கள்!” என்றார். “இந்த மண்ணின் ஆதிக்குடி! தொடக்கமே தெரியாத அளவுக்குப் பழசு!”

அன்றைக்கு நான் மலையிலிருந்து இறங்கி, பஸ் எடுக்காமல், பனிச்சேற்றில் கோபத்தோடு நடந்தேன். என்ன அநியாயம் இது! ஏணி முறிந்து விழுந்த மனிதர் மீசையில் மண் ஒட்டாமல் எழும்பினால் பரவாயில்லை. விழுந்த இடத்தில் ஒரு கோட்டையோடு எழும்புகிறார். கேடயத்தில் பன்றித்தலை இருந்தால் தகப்பன்வழி தெரியாதது தொன்மை. லொறி ஓட்டினால் அதே தகப்பன்வழி தெரியாதது ‘ஒருமாதிரி’. வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் எழுத்தரையும் மருமகனையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“பாத்தியோ? அங்கயும் பொம்பிளை வீட்டில வந்து இருந்தவன்தான். இண்டைக்குப் பிரபு.”

“அவன் வெள்ளைக்காரன் அண்ணை,” என்றாள். விவாதம் முடிந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பெடியனின் தாய் லவாலிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார். கையில் ஐஸ்கிறீம் டப்பா நிறையக் கட்டித் தயிர். அகலமான முகம், அவசரமில்லாத மனுசி. மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே நின்று காது கொடுத்தாள். தங்கச்சி நாற்காலியின் விளிம்பில் நீதிபதி மாதிரி இருந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் மற்றவர் திறந்துவிட்டார்.

“தங்கச்சி, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதீங்க. உங்கட தாய்வழி என்ன குடி?”

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் தயிரைப் பார்த்தேன்.

“குடியெண்டால்?” என்றாள் தங்கச்சி.

“எங்களுக்குத் தாய்வழிதானே எல்லாம். தாய் என்ன குடியோ புள்ளையும் அந்தக் குடி. என்ட அம்மா...” என்று தொடங்கினார். அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று ஏழு பெண்களின் பெயரை மூச்சு விடாமல் சொன்னார். கனவானின் நூலகம் முழுக்கத் தேடியும் தொடர்ச்சியாக மூன்று பெண்களின் பெயரை நான் கண்டதில்லை. “அப்பன்மார் எங்கயிருந்து வந்தா என்ன? அவங்க கட்டிக்கிட்டு வாறவங்கதானே. மறுகா, உங்கட ஆக்களையும் ரொறன்ரோவில ஒருத்தர்ட்ட விசாரிச்சம். தகப்பன் வழியெல்லாம் சொன்னாரு. தாய் வழி அம்மம்மாவுக்கு அங்கால ஒண்டும் புடிபடல்ல எண்டாரு.”

“ஆரிட்ட விசாரிச்சனியள்?” என்று நான் கேட்டேன். எங்கள் அத்தானேதான்.

“கொஞ்சம் ஒருமாதிரித்தான் இருந்திச்சு,” என்றார் அந்த அம்மா, தங்கச்சியின் கையை அன்போடு பிடித்துக்கொண்டு. “ஆனா புள்ள தங்கமான புள்ள. அதால பரவால்ல எண்டு நாங்க மனசத் தேத்திக்கிட்டம்.”

உள்ளே கோப்பை ஒன்று விழுந்தது. மருமகள் சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும்.

கதவு சாத்தியதும் தங்கச்சி வெடித்தாள். “பரவாயில்லையாமோ? எங்களுக்கோ? மனசைத் தேத்தினவையாமோ? எங்களைப் பாத்து ஆரும் இண்டைவரைக்கும் அப்பிடி ஒரு கேள்வி கேட்டதுண்டோ அண்ணை?”

“இல்லை. நாங்கள்தான் கேக்கிறனாங்கள்.”

“பகிடி விடாதேங்கோ!”

“சரி, அப்ப நீ எழுத்துக்குப் போகத் தேவையில்லை. ரோசமுள்ளவள் போகமாட்டாள்.”

“ஏன் போகாமல்?” என்று என் மேல் பாய்ந்தாள். “நான் போகாட்டி, ஆக்களே இல்லாத குடும்பம் எண்டெல்லோ நினைப்பினம்!”

மருமகள் வெளியே வந்து தாயின் தோளில் முகத்தை வைத்தாள். தாய் தள்ளிவிடவில்லை. தள்ள நேரமில்லை, தொலைபேசியில் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவிலிருந்து இரண்டு வான் நிறைய ஆக்கள் வந்து இறங்கினார்கள். நோர்மன் படையெடுப்பு இதைவிட அடக்கமாக நடந்திருக்கும். அத்தான் முன்சீற்றில் வந்தார். அவரிடம் நான் நியாயம் கேட்டபோது, “இரண்டு பக்கமும் கேட்டால் இரண்டு பக்கமும் சொல்லத்தானே வேணும்” என்றார், வெட்கமே இல்லாமல்.

எழுத்து முடிந்து லவாலில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. மருமகள் சிவப்புச் சீலையில், தாயின் பக்கத்தில். நான் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். முடியவில்லை. பிழையான ஒரு கேள்வி பிழையென்று தோற்கவில்லையே, அதைவிடப் பெரிய இன்னொரு கேள்வியால் அடிபட்டல்லவா ஓடியிருக்கிறது என்று பொருமிக்கொண்டு வடையைக் கடித்தேன். அப்போது பெடியனின் பெரியம்மா ஒருவர் தங்கச்சியை நெருங்கி, அம்மம்மாவின் தாயின் பெயர் என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தங்கச்சி ஒரு கணமும் தயங்கவில்லை. கணீரென்று ஒரு பெயரைச் சொன்னாள். அதற்கு முந்தியவரின் பெயரையும் சொன்னாள். பெரியம்மா திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்: “ஆரடி அவை ரெண்டு பேரும்? நான் கேள்விப்பட்டதே இல்லை.”

அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“அந்த அரண்மனை எழுத்தர் பிரபுவுக்குச் செய்யலாம், நான் என்ர பிள்ளைக்குச் செய்யக்கூடாதோ? பேசாமல் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ அண்ணை.”