செவிட்டு ஆத்தாளிடம் நான் போட்ட கூச்சல்

எங்கள் ஊர் அம்மனுக்குக் காது மந்தம். சிரிக்காதீர்கள், சத்தியமாகத்தான் சொல்கிறேன். மலையாளத்து மலையிலிருந்து முல்லையாற்று வெள்ளத்தில் உருண்டு வந்தவளாம். வரும் வழியில் இரண்டு காதிலும் தண்ணீர் புகுந்துவிட்டதாம். கம்பம் ஊருக்குக் கீழே எங்கள் கரையில் ஒதுங்கி, "இங்கனயே இருந்துக்கிறேன், ஆனா எதுன்னாலும் கத்திச் சொல்லுங்க" என்றாளாம். அதனால் எங்கள் கோயிலில் முணுமுணுத்துக் கும்பிடுகிற வழக்கமே கிடையாது. வேண்டுதலை அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும்.

கத்தினால் வீட்டு ரகசியம் சந்தி சிரிக்காதா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கத்துகிறவரைச் சுற்றிப் பெண்கள் நின்று குலவை போடுவார்கள். ஆத்தாளைத் தவிர யாருக்கும் ஒரு சொல் கேட்காது. காது மந்தமானவளுக்கு மட்டும் எப்படிக் கேட்கும் என்று கேட்டால் அடி விழும், நான் வாங்கியிருக்கிறேன்.

குலவைக்குத் தலைவி என் அம்மா. அவள் நிறுத்தினால்தான் மற்றவர்கள் நிறுத்துவார்கள். அவள் நடுவில் மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம் எனக்கு ஆண்டிபட்டியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். எனக்கோ அத்தை மகன் மேல் உயிர். ஆனால் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் அப்பா தன் தங்கை வீட்டோடு பேச்சையே விட்டிருந்தார். "அந்த வீட்டுப் பேச்ச எடுத்தா வெட்டிப்புடுவேன்" என்பார். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். அப்பாவை எதிர்த்து அவள் வாய் திறந்ததில்லை.

நிச்சயத்துக்கு வெற்றிலை மாற்றுகிற அன்று காலை, கல்யாணப் பெண் ஆத்தாளிடம் கத்துவது முறை. மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையில் முன்வரிசையில் நின்றார். அம்மா குலவையைத் தொடங்கினாள். காது கிழிந்தது. எவருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆத்தா! எனக்கு ஆண்டிபட்டி வேணாம்!" என்று கத்தினேன்.

சட்டென்று குலவை நின்றது. என் தொண்டை நிற்கவில்லை.

"எங்கத்தை மகனத்தான் கட்டிக்கிருவேன்!"

ஐயோ, அந்த அமைதி! கண்ணைத் திறந்தால் ஊரே வாயைப் பிளந்து நிற்கிறது. பூசாரி திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "ஆத்தா காதுல விழுந்துருச்சு. இனி ஊரு மாத்திப் பேசக் கூடாது."

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் திரும்பினார். "ஏன் மதினி நடுவுல நிறுத்துனீக?"

"தொண்டையில வெத்தல சிக்கிருச்சு மதினி." அம்மா இரண்டு தரம் இருமியும் காட்டினாள்.

அப்பா அவளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என் தங்கச்சி வீட்டுக்கு ஆளு விடுங்கப்பா" என்றார். நான் ஆத்தாள் காலடியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வரச் சிரித்தேன்.

அம்மா ஆயுசில் ஒரு நாளும் வெற்றிலை போட்டவளில்லை. அது அப்பாவுக்கும் தெரியும்.