வண்டி குடித்திருந்த காலம்

குடியை நான் விட்டேன், வண்டி பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்தைப் பற்றி யாராவது கேட்டால் இப்படித்தான் ஆரம்பிப்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னுடையது பழைய பிக்கப். ஆம்பூர் தோல் மண்டியில் உப்புத்தோலை ஏற்றிக்கொண்டு போய் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் இறக்குவது என் வேலை. உப்புத்தோல் என்பது ஆட்டையும் மாட்டையும் உரித்த கையோடு, அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டி மடித்து வைத்த தோல். வழியெல்லாம் உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். நாற்றத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னாலும் புரியாது. என் வண்டிக்குப் பின்னால் யாரும் நிதானமாக வரமாட்டார்கள். பஸ்காரன், லாரிக்காரன், கல்யாண வேன், எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு முந்திப் போய்விடுவார்கள்.

அந்த வண்டிதான் ஒருநாள் ஆட ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருப்பேன். வண்டி தானாக இடதுபக்கம் சாயும். வலதுபக்கம் திருப்பினால், திருப்பியதற்கு மேல் ஒரு அடி அதிகமாகப் போய் நிற்கும். அதைச் சரிசெய்தால் மறுபடி இடது. வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். ஒரு பக்கம் ஹைவேயின் நடுச்சுவர், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி. நடுவில் நான், வியர்த்த கையோடு, ஒரு திமிர் பிடித்த மாட்டை மூக்கணாங்கயிறு இல்லாமல் ஓட்டிப்போகிறவன் மாதிரி. இறங்கி ஓடவும் முடியாது, நிம்மதியாக உட்காரவும் முடியாது.

மெக்கானிக்கிடம் காட்டாமல் இருப்பேனா? டயரை மாற்றினேன். முன்பக்க பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் எல்லாம் புதிதாகப் போட்டேன். ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றி மாட்டினார்கள். அலைன்மென்ட் பார்க்கும் இடத்துக்கு மட்டும் ஐந்தாறு தடவை போயிருப்பேன். போகும்போதெல்லாம் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ண்ணா, தோல எறக்கிட்டு, கழுவிட்டு எடுத்துனு வா." நியாயம்தான், அந்த நாற்றத்துக்கு அடியில் எவன் படுப்பான்? இறக்கிவிட்டுக் கழுவி எடுத்துப் போனால் வண்டி நூல் பிடித்த மாதிரி போகும். ஓட்டிப் பார்த்தவன் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்ப்பான். "வண்டி சோக்காத்தான்ணா இருக்குது" என்பான். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். நான் முன்னால் எப்படி இருந்தவன் என்று ஊருக்கே தெரியும்.

குடித்த காலத்தில் இந்தத் தோல் நாற்றம் எனக்கு ரொம்ப உதவியிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் உடம்பிலிருந்து அடிக்கும் நாற்றத்தில் வாய் நாற்றம் தெரியாது. என் மனைவி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்ப்பவள், நாள் முழுக்கத் தோலோடு இருப்பவள். அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. நான் குடியை விட்ட பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்தாள். வாசற்படி ஏறும் முன் நான் அவள் முகத்துக்கு நேராக ஊத வேண்டும். நானும் சரி என்றேன். ஆனால் ஊதினாலும் அவளுக்குத் தெரிந்தது தோல் நாற்றம் மட்டும்தான். அன்று என்னை ஒளித்து வைத்த நாற்றம், இன்று நான் சுத்தமாக இருப்பதையும் ஒளித்து வைத்தது. பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பனைமரமே வேலை, அதைவிட்டு எங்கே போவது?

ஒருநாள் வேலூருக்கு முன்னால் போலீஸ் என்னை ஓரம் கட்டியது. வண்டி ஆடி வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஊதச் சொன்னார்கள், ஊதினேன். மெஷினில் ஒன்றும் காட்டவில்லை. மறுபடி ஊதச் சொன்னார்கள். அதிலும் ஒன்றுமில்லை. "போய்யா, பாத்து ஓட்டு" என்று அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் போன எங்கள் தெருக்காரம்மா ஒருவர் நான் ஊதியதைத்தான் பார்த்தார், மெஷினைப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது: உன் ஊட்டுக்காரர ரோட்ல நிறுத்தி ஊத வுட்டாங்க.

நான் சொன்னேன், வண்டிதான் ஆடுகிறது என்று. சொல்லும்போதே எனக்குக் கேட்டது, அது எப்படிப்பட்ட பேச்சு என்று. உலகத்தில் எல்லாக் குடிகாரனும் சொல்வது அதுதான். ரோடு ஆடுகிறது, வண்டி ஆடுகிறது, சுவர் ஆடுகிறது. அவள் எழுந்து, மகள் படித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "பழைய குருடி கதவத் திறடி" என்று யாரிடமோ போனில் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. குடியாத்தத்தில் இருக்கும் அவள் அம்மாவிடம் என்று நினைக்கிறேன். முன்பே ஒருதரம் சொல்லியிருந்தாள், இன்னொரு தரம் ஆரம்பித்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று. அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

லோடு கொடுக்கும் பாயும் கேட்டுவிட்டார். "இன்னாப்பா, ரோட்ல டான்ஸ் ஆடினு போறியாமே. பேஜாரா கீதுப்பா. வேற வண்டி பாத்துக்கட்டா?" நல்ல மனிதர், தோளில் கை வைத்துத்தான் கேட்டார். அந்தக் கை எனக்குக் கனமாக இருந்தது.

அந்த நாட்களில் எங்கேயும் எனக்குக் காற்று இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்தால் வண்டி என்னை இழுத்தது. வீட்டுக்குள் உட்கார்ந்தால் எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள், தள்ளாடுகிறதா என்று. தள்ளாடாமல் நடக்க வேண்டும் என்று நினைத்து நடந்தால் நடையே கோணலாகிவிடும். குடிக்கும்போது கூட நான் அவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை. குடித்துவிட்டே இந்தப் பேச்சைக் கேட்கலாமே என்றும் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்த நாள். காலையில் லோடு ஏற்றிக்கொண்டு ஆம்பூரைத் தாண்டி ஹைவேயில் ஏறினேன். கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. முந்திப் போகும் என்று வழி விட்டேன். போகவில்லை. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. என் வண்டிக்குப் பின்னால் விடாமல் வருகிற இந்த மூக்கில்லாத ஆள் யார் என்று பார்த்தேன். முகத்தைத் துப்பட்டாவால் சுற்றியிருந்தது. ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் என் மகள் ஒட்டிய மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் இருந்தது.

கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு என் மனைவி என்னை வேவு பார்க்க வந்திருக்கிறாள். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. மாதனூருக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில் கடை இருக்கிறது. எந்தக் கடை என்று சொல்ல வேண்டியதில்லை, முன்பெல்லாம் என் வண்டி தானாக நிற்கும் இடம். நான் அங்கே திரும்புகிறேனா என்று பார்க்கத்தான் வருகிறாள். பார்க்கட்டும் என்று நினைத்தேன். சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் இடம் நெருங்கியது. அந்த நேரம் பார்த்து வண்டி இடதுபக்கம் இழுத்தது, நேராகக் கடையைப் பார்த்து. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து வலதுபக்கம் ஒடித்தேன். "சனியனே, இன்னிக்கி மட்டும் வேணாம்" என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கடையைத் தாண்டியது.

பின்னால் ஹாரன் சத்தம். அவள் முந்தி வந்து கையைக் காட்டினாள். ஓரம் கட்டி நிறுத்தினேன். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஜன்னலிடம் வந்தாள். அவள் கேட்கும் முன்பே நான் தலையை வெளியே நீட்டி அவள் முகத்தில் ஊதினேன், கோபத்தோடுதான்.

"ஊதச் சொல்லல. எறங்குங்க" என்றாள். கோபமாக இருக்கும்போது அவளுக்கு மரியாதை ஜாஸ்தி வரும், அது அப்படி இல்லை. குரல் வேறு மாதிரி இருந்தது. "ஆம்பூர்லேர்ந்து பாத்துனு வர்றேன். நீங்க நேராத்தான் ஓட்றீங்க. பின்சக்கரந்தான் தனியா போவுது. நாய் ஓடுமே, தல ஒரு பக்கம், வாலு ஒரு பக்கம், அது மாதிரி."

நீங்க நேராத்தான் ஓட்றீங்க. எத்தனை மாதமாக யாராவது இதைச் சொல்வார்களா என்று காத்திருந்தேன். இறங்கிப் பின்னால் போய் நின்றேன், பார்க்க ஒன்றுமில்லாத இடத்தை வெகுநேரம் பார்த்தேன்.

மாதனூரில் ஒரு மெக்கானிக் கடைக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். அவனும் அதையே சொன்னான், தோலை இறக்கிவிட்டு வரச் சொல்லி. அவள் விடவில்லை. "எறக்குனா நேரா போயிடும்பா. லோடோடவே பாரு." அவன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடியில் படுத்தான். என்னை முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் எடுத்து பிரேக் போடச் சொன்னான். எடுத்தேன். அடியிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது.

இடது பின்சக்கரத்தின் வில்பட்டையை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைக்கும் இரும்பு, உப்புத்தண்ணீர் தின்று தின்று பாதியாகப் பிளந்திருந்தது. லோடு ஏறினால் வாயைத் திறக்கும். அப்போது பின்சக்கரம் முன்னும் பின்னும் நகர்ந்து, மொத்த வண்டியையும் திருப்பும். இறக்கினால் மூடிக்கொள்ளும். மேலே பார்த்தால் பளபளவென்று கறுப்பு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான் வண்டியைக் கழுவி, அடியெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடிப்பேன், அவள் சந்தனப் பொட்டு வைப்பாள். துருவின் மேலேயே பெயின்ட், அதன் மேல் பெயின்ட். சாமிக்கு முன்னால் அழகாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூடி வைத்த விரிசல் அது.

பழைய சாமான் கடையில் அதே இரும்பு கிடைத்தது. அவன் வண்டியைத் தூக்கி நிறுத்தி மாட்டும்வரை நாங்கள் டீ வாங்கிக்கொண்டு ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் ஒரு துணிப்பை. வரும்போது ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் இருந்தது.

"பையில இன்னா?" என்றேன்.

"பாப்பா துணி" என்றாள். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "யூனிபாரமும் கீது" என்றாள்.

நான் அந்த சர்வீஸ் ரோட்டுக் கடையில் நின்றிருந்தால் அவள் திரும்பி வந்திருக்க மாட்டாள். மேலே போனால் பள்ளிகொண்டா, அங்கே இடதுபக்கம் திரும்பினால் குடியாத்தம். சாயங்காலம் பள்ளியிலிருந்து பிள்ளையை அவள் தம்பி கூட்டிப் போயிருப்பான். வண்டி கடைப் பக்கம் இழுத்த அந்தக் கணம் நினைவுக்கு வந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

வேலை முடிந்தது. "நீங்க எடுங்க. பள்ளிகொண்டா வரைக்கும் பின்னாடி வந்து பாக்குறேன்" என்றாள். எடுத்தேன். வண்டி நேராகப் போனது. ஒரு விரலால் பிடித்துக்கொண்டு போகலாம், அவ்வளவு நேர். சந்தோஷப்பட எனக்குத் தோன்றவில்லை. என் கண் ரோட்டில் இல்லை, கண்ணாடியில் இருந்த ஸ்கூட்டரில் இருந்தது. பள்ளிகொண்டா பாலத்தில் நான் மேலே ஏறினேன், அவள் சர்வீஸ் ரோட்டில் இறங்கினாள். கீழே போய் இடதுபக்கம் திரும்பினால் குடியாத்தம், பாலத்துக்கு அடியில் வலதுபக்கம் புகுந்து திரும்பினால் ஆம்பூர். பாலத்தின் மேலிருந்து எதுவும் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பயமாக இருந்தது.

ராணிப்பேட்டையில் தோலை இறக்கியதும் திரும்பி வந்ததும் சரியாக ஞாபகம் இல்லை. தெருமுனை திரும்பியதும் முதலில் வாத்து ஸ்டிக்கர்தான் கண்ணில் பட்டது. ஸ்கூட்டர் வாசலில் நின்றிருந்தது. அவள் படியில் நின்றிருந்தாள்.

"ஊதுங்க" என்றாள்.

வண்டிதான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஊதச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தது. குனிந்து, நெஞ்சில் இருந்த மூச்சை எல்லாம் சேர்த்து ஊதினேன்.

"தோல் நாத்தம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வழி விட்டாள்.