பேர்ணில் ஒன்பதாவது ஆள்

ஞாயிறு காலை 8.40க்கு, குகன் வீட்டுக்குப் பக்கத்து ஷ்லீரன் ரயில் நிலையத்தில் நின்றபோது என் கையில் மரக்கறி ரோல்ஸ் பெட்டி, தோளில் யாருடையதோ விளையாட்டுப் பை. சுவிசுக்கு வந்து ஐந்தாம் நாள். மலை பார்க்கப் போவோம் என்று சொல்லியிருந்த அந்தக் குகன், என் சித்தியின் மகன், பேஸ்போல் பார்க்க இழுத்துக்கொண்டு போனான். கல்லூரிக் காலத்தில் யாழ்ப்பாண வெயிலில் கிரிக்கெட் ஆடிய எனக்குப் பேஸ்போலாம்! கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

குகனுக்கு நாற்பத்தைந்து வயது. பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் இங்கே வந்தவன்; ட்ராம் திருத்தும் வேலை. சூரிச்சின் சிறு கழகம் ஒன்றில் பதினாறு வருடமாக ஆடுகிறான். புதன்கிழமை அவனுக்கு வலது முழங்காலில் சத்திரசிகிச்சை. இனி ஓடவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆக, இது அவனுடைய கடைசி ஆட்டம். அதுவும் பேர்ண் கழகத்துடன். அவர்களிடம் தோற்றுவிட்டு வந்தால் இவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டான்.

"அண்ணை, இவரைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ. பேர்ண்காரரைக் கண்டால் இவருக்கு முழங்கால் இருக்கிறதே மறந்துபோம்" என்று அவன் மனைவி தர்ஷி வாசலில் சொல்லி அனுப்பினாள்.

சூரிச்சில் 9.02 ரயில். பேர்ண் ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீற்றர், ஐம்பத்தாறு நிமிடம். அரைக்கட்டண அட்டை இல்லாத எனக்குச் சீட்டு ஐம்பது பிராங்குக்கு மேல். அதை இலங்கை ரூபாவுக்கு மாற்றிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது.

ஓல்டன் தாண்டும்போது குகனின் தொலைபேசி அடித்தது. அணியில் ஒருவரின் குழந்தைக்குக் காய்ச்சல், அவர் வரமாட்டாராம். குகனின் முகம் விழுந்துவிட்டது.

"எட்டுப் பேர்தான் அண்ணை. ஒன்பது பேர் இல்லாட்டி ஆட்டமே இல்லை." சொல்லிவிட்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தான்.

"என்னைப் பாராதை!"

"நீங்கள் கொலிச் ரீமில ஆடினனீங்கள்தானே?"

"அது முப்பது வருசத்துக்கு முதல்."

"பரவாயில்லை. பேஸ்போல் அப்பவும் இருந்தது."

அவன் சிரித்தாலும் கை முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. சரி, தொலைந்து போ என்றேன்.

10.30க்கு மைதானம். பச்சைப் புல்லில் நான்கு மூலைகள், ஒவ்வொரு மூலையிலும் ஒரு பேஸ். அடித்தவர் மூன்று பேஸ்களையும் சுற்றி, அடித்த மூலைக்கே திரும்பினால் ஒரு புள்ளி. பார்வையாளர் பதினான்கு பேர், ஒரு நாய். ஏழு பிராங்குக்குச் சொசேஜ். தூரத்தில் பனிமலைகள். "மலை கேட்டனீங்கள், அந்தா நிக்குது, பாருங்கோ" என்றான் குகன். பேர்ண் தலைவர் ரெட்டோ தாடி வைத்த, மாமலை போன்ற பேக்கரிக்காரர், பந்தெறிபவரும் அவரே. நட்பு ஆட்டந்தானே, விருந்தாளி ஆடலாமா என்று கேட்டபோது, என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு உடனே சம்மதித்தார்.

என்னை வலப்பக்கத் தூர மூலையில் நிறுத்தினார்கள். ஒன்றுக்கும் உதவாதவர்களை விடும் இடம் அது என்று பிறகுதான் அறிந்தேன். ஆனாலும் ஒரு பந்து உயரமாக வந்தது. கையிலிருந்த தோலுறை இடைஞ்சலாக இருந்ததால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் பிடித்தேன். நாய் உட்பட எல்லோரும் ஆரவாரித்தார்கள். உள்ளங்கை எரிந்தது, தலையில் கொம்பு முளைத்தது.

1.20. கடைசிச் சுற்று. பேர்ண் ஆறு, நாங்கள் ஐந்து. எங்களில் இருவர் ஆட்டமிழந்தாயிற்று. இன்னொருவர் போனால் கதை முடிந்தது. மூன்றாவது பேஸில் குகன் நொண்டியபடி நிற்கிறான். அவன் என்னிடம் வந்து சேர்ந்தால் சமநிலை. அடிக்க நிற்பது, கடவுளே, நான்.

"அண்ணை, பட்டால் மட்டையைப் போட்டிட்டு வலக்கைப் பக்கம் முதல் பேஸுக்கு ஓடுங்கோ! வேறை ஒண்டும் யோசியாதேங்கோ!" என்று அங்கிருந்து கத்தினான்.

ரெட்டோ எறிந்தார். இடது காலை முன்னே வைத்து, தலையைக் குனித்து, அழகாகத் தடுத்தேன். பந்து மூன்று அடிக்குள் செத்துக் கிடந்தது. என் பழைய பயிற்றுநர் பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பார். ஓட்டம் வேண்டாம் என்று கிரிக்கெட் வழக்கப்படி கையை உயர்த்தி "நோ!" என்று கூவினேன்.

குகன் கேட்கவில்லை. அந்த முழங்காலோடு என்னை நோக்கி ஓடி வருகிறான்! "போ! திரும்பிப் போ!" என்று கத்தினேன். அவன் பாதி வழி தாண்டிவிட்டான். கிரிக்கெட்டில் ஒரு மரியாதை உண்டு. கூட ஆடுபவன் உன் முனைக்கே வந்துவிட்டால், நீ இடத்தை விட்டு எதிர் முனைக்கு ஓடவேண்டும். ஆட்டமிழப்பது நீயாக இருக்கட்டும். நான் யோசிக்கவேயில்லை, கால்கள் ஓடின. மட்டையோடு, நேராக, என் மனதில் மற்ற விக்கெட் நின்ற இடத்துக்கு. அங்கிருந்துதான் பந்தைப் பொறுக்க ரெட்டோ குனிந்தபடி வந்துகொண்டிருந்தார்.

இருவரும் உருண்டோம். பந்தைப் பொறுக்க வந்தவரை மறித்ததற்காக நடுவர் என்னை ஆட்டமிழக்கச் செய்தார். குகனின் ஓட்டம் செல்லாது. ஆறுக்கு ஐந்து, ஆட்டம் முடிந்தது.

வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. அடித்த மூலையில் சறுக்கி விழுந்திருந்த குகன் புழுதியில் கிடந்தபடி கேட்டான்: "அண்ணை, அங்கை என்ன இருக்கெண்டு ஓடினீங்கள்?"

"நீ என்ரை முனைக்கு வந்திட்டாய். இந்தக் காலோடை உன்னாலை திரும்பேலாது. நீ தப்பட்டும், நான் அவுட் ஆவம் எண்டு ஓடினன்."

அவன் எழுந்து, அதைச் சுவிஸ் ஜெர்மனில் எல்லோருக்கும் சொன்னான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். ரெட்டோ தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். எங்கள் ஊர் என்றால் இந்த ஓட்டத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து, என் பிள்ளைகள் காலம் வரை கூப்பிட்டிருப்பார்கள்.

3.32 ரயிலில் குகன் முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தான். நான் நாலாவது தடவையாக மன்னிப்புக் கேட்டேன். "உன்ரை கடைசி ஆட்டத்தைக் கெடுத்துப்போட்டன், தம்பி."

"விடுங்கோ அண்ணை. வாற கோடைக்கும் விசா எடுங்கோ" என்றான். "என்னாலை இனி ஓடேலாது. எனக்காக நீங்கள் ஓடுங்கோ. நான் முதல் பேஸடியில நிண்டு, இஞ்சாலை, இஞ்சாலை எண்டு கத்துறன்."